பாகல் பந்தலில் புழு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ரப்பர் போய்ச் செம்பனை என்கிற எண்ணெய்ப்பனை வந்தது, தோட்டத்து லயம் போய்த் தாமான் என்கிற குடியிருப்பு வந்தது. வீட்டுக்குப் பின்னால் நாலு கம்பு நட்டு, வலை கட்டி, பாகல் ஏற்றுகிற பழக்கம் மட்டும் போகவில்லை. எனக்கு மூன்று பந்தல் இருக்கிறது. ஒன்றில் சீனர்கள் வாங்குகிற நீட்டு வெளிர்ப்பச்சைக் காய், மற்ற இரண்டிலும் நம் ஆட்கள் கேட்கிற குட்டை முள் பாகல். வீட்டுக்குப் போக மீதி பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தைக்குப் போகும். கோயில் வாசலிலும் மளிகைக் கடையிலும் என்னைப் பார்க்கிறவர்கள் கேட்பது ஒன்றுதான்: "அண்ணே, புழுவுக்கு என்ன அடிக்கிறது?" நின்று நின்று சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன்.

இலை சுருண்டு, சல்லடை மாதிரி ஆகிவிட்டது. இது என்ன புழு?

பத்துக்கு எட்டு முறை அது இலைச்சுருட்டுப் புழுதான். அறிவியல் பெயர் டயபேனியா இண்டிகா. பாகல் மட்டுமில்லை, வெள்ளரி, பீர்க்கு, புடல், பூசணி, வேலியில் தானாக முளைக்கிற கோவைக்கொடி என்று அந்தக் குடும்பம் முழுவதும் இதற்குச் சாப்பாடு.

சந்தேகம் இருந்தால் சுருண்ட இலை ஒன்றை மெதுவாகப் பிரித்துப் பாருங்கள். மெல்லிய வெள்ளை நூல் இரண்டு பக்கத்தையும் தைத்து வைத்திருக்கும். பிரிக்கும்போது அது அறுவது விரலுக்குத் தெரியும். உள்ளே கடுகைவிடச் சின்னதாகக் கரும்பச்சைப் புழுக்கை கிடக்கும். நடுவில் பச்சைப் புழு, முதுகில் தலையிலிருந்து வால்வரை இரண்டு வெள்ளைக் கோடு. வெளிச்சம் பட்டதும் பின்னாலேயே வேகமாக நெளிந்து போகும், இல்லையென்றால் நூல் விட்டுத் தொங்கிக் கீழே இறங்கிவிடும். நன்றாக வளர்ந்தது இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர் இருக்கும்.

இதன் தாய்ப்பூச்சியை நீங்கள் நிச்சயம் பார்த்திருப்பீர்கள், இதுதான் என்று தெரிந்திருக்காது. முத்துப்போல் வெள்ளையான சிறகு, சுற்றிலும் அடர்பழுப்புக் கரை, வால் நுனியில் குஞ்சம். ராத்திரி வெளிவிளக்கில் வந்து ஒட்டும். பார்க்க அழகுதான், ஆனால் அது வந்தால் அடுத்த வாரம் பந்தலில் வேலை இருக்கிறது என்று அர்த்தம்.

எல்லாப் புழுவும் இதுதானா?

இல்லை. முதுகை வளைத்து வளைத்து நடக்கிற பச்சைப் புழு ஒன்று உண்டு, காவடிப்புழு என்பார்கள். அது இலை ஓரத்தை வெட்டித் தின்னும். பெரும்பாலும் பெரிய சேதம் இல்லை, கண்டால் எடுத்துப் போடுங்கள்.

படைப்புழு வேறு கதை. இலைக்கு அடியில் பழுப்பு மயிர் போர்த்திய முட்டைக் குவியல் தெரிந்தால் அந்த இலையை அப்படியே கிள்ளிவிடுங்கள். நூற்றுக்கணக்கில் பொரியும். வளர்ந்த பிறகு பகலில் மண்ணில் ஒளிந்துகொண்டு ராத்திரி ஏறித் தின்னும், பகலில் தேடினால் கிடைக்காது. கைவிளக்கோடு எட்டு மணிக்குமேல் போனால் கொத்தாகப் பிடிக்கலாம்.

மஞ்சளாக, உடம்பெல்லாம் முள் முள்ளாக, இலையைச் சுரண்டிக்கொண்டிருப்பது புள்ளி வண்டின் குட்டி. அது அந்துப்பூச்சிப் புழுவே இல்லை. கீழே சொல்லப்போகிற பிடி மருந்து அதற்கு வேலை செய்யாது. இது தெரியாமல் பாக்கெட் பாக்கெட்டாகக் கரைத்து ஊற்றிவிட்டு "மருந்து போலி" என்று திட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

காய்க்குள் வெள்ளைப் புழு இருக்கிறது. அதுவும் இலையிலிருந்து வந்ததா?

காயை வெட்டிப் பார்த்துப் புழுவுக்குத் தலையும் காலும் இருக்கிறதா என்று பாருங்கள். பழுப்புத் தலையும் குட்டிக் கால்களும் உள்ள பச்சைப் புழு என்றால் இலைச்சுருட்டுப் புழு. வெளியே ஓட்டையும் ஓட்டை வாயில் ஈரப் புழுக்கையும் இருக்கும். காலும் இல்லை, தலையும் தெரியவில்லை, வெள்ளையாக ஒரு முனை கூராக இருக்கிறது என்றால் அது பழ ஈயின் புழு. முற்றியதைத் தரையில் விட்டால் வில் மாதிரி வளைந்து துள்ளும். அந்தக் காய் முன்னதாகவே ஒரு பக்கம் மஞ்சளித்துக் கோணியிருக்கும், தோலில் ஊசி குத்தின மாதிரி புள்ளி இருக்கும்.

இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதுதான் எங்கள் ஊரில் பெரிய தப்பு. பழ ஈ காய்க்குள் முட்டையிட்ட பிறகு மேலே எதை அடித்தாலும் உள்ளே போகாது. அதற்குக் காகிதம் கட்ட வேண்டும், விழுந்த காயைப் பொறுக்க வேண்டும். அதுதான் நான் நம்புகிற வழி. கியூலூர் என்கிற மருந்து வைத்த பொறி ஆண் ஈயைத்தான் இழுக்கும். எத்தனை ஈ சுற்றுகிறது என்று தெரிந்துகொள்ள உதவும், பொறி மட்டும் காயைக் காப்பாற்றாது.

பொறுக்கிய காயை உரக்குழியில் போடாதீர்கள். பிளாஸ்டிக் பையில் போட்டு வாயை இறுகக் கட்டி, வெயிலில் சில நாள் வையுங்கள். உள்ளேயே வெந்து சாகும்.

எப்போது, எங்கே பார்க்க வேண்டும்?

காலையில் பசியாறுவதற்கு முன்னால், ஒரு நாள் விட்டு ஒரு நாள். விதை போட்ட மூன்றாவது வாரத்திலிருந்தே தொடங்கிவிடுங்கள். காய் வந்தபின் பார்க்கத் தொடங்குகிறவர்கள் இரண்டு தலைமுறைப் புழுவை ஏற்கெனவே வளர்த்து முடித்திருப்பார்கள். முட்டை மூன்று முதல் ஐந்து நாளில் பொரியும், புழு ஏறக்குறைய இரண்டு வாரம் தின்னும், பிறகு அந்தச் சுருட்டைக்குள்ளேயோ காய்ந்த சருகிலோ கூட்டுப்புழுவாகும். முட்டையிலிருந்து பூச்சியாக மூன்று, நான்கு வாரம் போதும். நமக்குக் குளிர்காலம் கிடையாது, அதனால் அதற்கு விடுமுறையும் கிடையாது.

பார்க்க வேண்டியது இலையின் அடிப்பக்கம். பொரிந்த குஞ்சு இலையைச் சுருட்டாது, அடியில் உட்கார்ந்து பச்சையத்தை மட்டும் சுரண்டும். மேலே இருந்து பார்த்தால் கண்ணாடிக் காகிதம் ஒட்டின மாதிரி சின்னச் சின்ன வெள்ளைத் திட்டு தெரியும். அந்தத் திட்டுதான் உங்களுக்குக் கிடைக்கிற முதல் தகவல். அந்த நாளில் நீங்கள் செய்கிற ஐந்து நிமிட வேலை, பத்து நாள் கழித்து அடிக்கிற ஒரு தோம்பு (முதுகில் மாட்டுகிற தெளிப்பான்) மருந்துக்குச் சமம்.

அப்புறம், காயை ஒட்டிக்கொண்டிருக்கிற இலை. புழு அந்த இடுக்கில் இருந்தபடியே ஒரு பக்கம் இலையையும் மறுபக்கம் காய்த்தோலையும் சுரண்டும். பிஞ்சில் இலை ஒட்டியிருந்தால் விலக்கிவிடுங்கள், விலகாவிட்டால் கிள்ளிவிடுங்கள்.

கையாலேயே எடுத்து முடியுமா?

மூன்று பந்தல் வரை என்றால் முடியும். நான் அப்படித்தான் செய்கிறேன். சுருட்டைப் பிரிக்காமலே இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து அழுத்தினால் போதும். நசுக்க மனம் வராதவர்கள் சோப்புத் தண்ணீர் வாளியில் போடுங்கள். ஆனால் அழுத்துவதற்கு முன்னால் அந்தச் சுருட்டைக்குள் வெள்ளைக் கூடு இருக்கிறதா என்று பாருங்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

வேப்பெண்ணெய் எப்படிக் கலக்குவது? எனக்கு இலை கருகிவிட்டது.

கருகினால் மூன்றில் ஒன்று காரணம்: எண்ணெய் அதிகம், சோப்பு அதிகம், வெயிலில் அடித்தது. பாகல் இலை மெல்லியது, எண்ணெய்க்கு உடனே கோபித்துக்கொள்ளும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி, அதாவது ஒரு தேக்கரண்டி வேப்பெண்ணெய் போதும். முதலில் எண்ணெயைச் சில சொட்டுப் பாத்திரம் கழுவுகிற சோப்போடு சேர்த்துப் பால் மாதிரி ஆகும்வரை அடித்துவிட்டு, பிறகு தண்ணீரை ஊற்றுங்கள். எண்ணெய் மேலே மிதந்தால் கலவை சரியில்லை, அடிக்காதீர்கள். இரண்டு இலையில் அடித்துவிட்டு ஒரு நாள் பாருங்கள். கருகவில்லை என்றால் மாலை ஆறு மணிக்குமேல் முழுக்கொடிக்கும் அடிக்கலாம். அதுவும் குழலைக் கீழேயிருந்து மேலே பார்க்கப் பிடித்து, இலையின் அடிப்பக்கம் நனைகிற மாதிரி.

வேம்பு புழுவை அடித்துப் போடுகிற மருந்து இல்லை. தின்ன விடாது, தோல் உரிக்க விடாது. அதனால் சின்னப் புழுவுக்குத்தான் பலன். ஐந்து முதல் ஏழு நாளைக்கு ஒரு முறை திரும்ப அடிக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் வேப்பங்கொட்டைக் கரைசல் செய்வார்கள்: லிட்டருக்கு 50 கிராம் பருப்பை இடித்து ராத்திரி முழுக்க ஊறவைத்து வடிகட்டுவது. நல்ல மருந்துதான். எங்கள் பக்கத்துக் கோயில் வேம்பு கொட்டை கொடுப்பதைவிட நிழல் கொடுப்பதே அதிகம் என்பதால் நான் எண்ணெயோடு நிற்கிறேன்.

பிடி மருந்து என்கிறார்களே, அது என்ன? காயைச் சாப்பிடலாமா?

பாசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்கிற மண் பாக்டீரியாவின் சுருக்கம் பிடி. செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு இது புதிதில்லை. பையைக் கட்டிக்கொண்டு மட்டையில் தொங்குகிற பைப்புழுவுக்கு, மலாயில் உலாட் புங்குஸ், தோட்டத்தில் அடிக்கிறதும் இதே இனம்தான். அந்தப் பைப்புழுவை 2013இல் அரசாங்கம் அபாயப் பூச்சி என்று அரசிதழிலேயே போட்டது.

இது தொட்டால் கொல்லாது. புழு அதைத் தின்ன வேண்டும். தின்றால் அதன் வயிற்றில் இருக்கிற காரத்தன்மையில் நச்சு கரைந்து குடலைத் துளைக்கும். மனிதர் வயிற்றில் அப்படி நடக்காது, தேனீக்கும் பொறிவண்டுக்கும் கெடுதல் இல்லை. அதனால்தான் மருந்து என்று ஒன்று அடித்தே ஆகவேண்டும் என்றால் நான் முதலில் இதைச் சொல்கிறேன். லேபிளில் உள்ள அளவுப்படி கலக்குங்கள், காயைக் கழுவிச் சமையுங்கள்.

வெயில் இதைச் சீக்கிரம் கெடுத்துவிடும், மழை கழுவிவிடும். அதனால் சாயங்காலம் அடிக்க வேண்டும், கலந்ததை அன்றே தீர்த்துவிட வேண்டும். புழு ஏற்கெனவே சுருட்டைக்குள் புகுந்து நூலால் தைத்துக்கொண்டிருந்தால் மருந்து உள்ளே போவது கஷ்டம். வெள்ளைத் திட்டு தெரிகிற நாள்தான் இதற்கு ஏற்ற நாள்.

அடித்த மறுநாளும் புழு உயிரோடு இருக்கிறதே?

இருக்கும். தின்கிறதா என்று பாருங்கள். சில மணி நேரத்திலேயே வாய் நின்றுவிடும், சாக இரண்டு மூன்று நாள் ஆகும். பொறுமையில்லாமல் மறுநாளே வேறு எதையாவது அடிப்பது காசுக்குக் கேடு.

தோட்டத்தில் மிச்சமான மருந்து வீட்டில் இருக்கிறது. கொஞ்சமாக அடித்தால் என்ன?

அடிக்காதீர்கள். இந்த ஒரு கேள்விக்கு மட்டும் நான் சிரித்துக்கொண்டு பதில் சொல்வதில்லை.

பைப்புழு அதிகமானால் செம்பனைத் தண்டில் துளை போட்டு மெத்தமிடோபாஸ் மாதிரி மருந்தை ஊசியாக ஏற்றுவார்கள். அது மரம் முழுக்கச் சாற்றோடு ஏறி, மட்டையைத் தின்கிற புழுவைக் கொல்லும். அதே மருந்து பாகலில் பட்டால் காய்க்குள்ளும் ஏறும். கழுவினால் போகாது, வேகவைத்தாலும் நம்ப முடியாது. அதிநச்சு மருந்துகளுக்கென்றே இந்த நாட்டில் 1996இல் தனி விதிமுறை வந்தது. அது வீட்டுக்கு வந்திருக்கவே கூடாத பொருள்.

என் அம்மா மருந்து அடிக்கிற கும்பலில் பல வருடம் இருந்தவர். முதுகில் தோம்பு, மூக்கில் ஒரு துண்டுத்துணி, காலில் சப்பாத்து இருந்தால் அது பெரிய விஷயம். கையில் நகம் கறுத்துப் பெயர்ந்து விழும். மூக்கில் ரத்தம் வரும். புல்லுக்கு அடித்த பாராகுவாட்டின் வேலை அது. நிர்வாகத்திடம் சொன்னால் "வெற்றிலை போடுவதைக் குறை" என்று பதில் வந்தது. பாராகுவாட்டை 2002இல் தடை என்றார்கள், 2006இல் தளர்த்தினார்கள், கடைசியாக 2020 ஜனவரி 1 முதல்தான் தடை நிலைத்தது. அம்மா அதற்குள் வேலையை விட்டுப் பல வருடம் ஆகியிருந்தது. காலியான மருந்து டப்பாவில் தண்ணீர் பிடித்து வைத்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். அந்த டப்பாவில் பாகலுக்கு ஊற்றுகிற தண்ணீரைக்கூட வைக்காதீர்கள்.

கடைக்காரத் தவுக்கே "இதை அடி, ஒரே நாளில் சுத்தம்" என்று கொடுத்தார். நம்பலாமா?

பெரும்பாலும் அது சைபர்மெத்ரின் வகை. ஒரே நாளில் சுத்தம் என்பது உண்மைதான், குளவி, பொறிவண்டு, சிலந்தி, தேனீ எல்லாமே சுத்தம். மூன்று வாரத்தில் புழு திரும்பி வரும், அதைத் தின்ன ஆள் இருக்காது. கூடவே வெள்ளை ஈயும் சிலந்திப்பேனும் பெருகும்.

நிறையப் போட்டு விற்கிறவர்கள், புழு கைமீறிப் போனால், எமமெக்டின் அல்லது ஸ்பினோசாட் வகையைப் பார்க்கலாம். ஆனால் அதுவும் தேனீ பறக்காத சாயங்காலத்தில் மட்டும், ஒரே மருந்தை மறுபடி மறுபடி அடிக்காமல். லேபிளில் பாகல் அல்லது அந்தக் குடும்பப் பயிரின் பெயர் இருக்கிறதா, அடித்த பிறகு எத்தனை நாள் காய் பறிக்கக்கூடாது என்று இருக்கிறது, இரண்டையும் படியுங்கள். பாகல் காய்க்கத் தொடங்கினால் இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை பறிப்போம். ஏழு நாள் காத்திரு என்று லேபிள் சொன்னால் இரண்டு மூன்று பறிப்பைக் கொடியிலேயே விட வேண்டியிருக்கும். அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் பலருக்கு விரலே மலிவு என்று புரியும். குளோர்பைரிபாஸ் யாராவது பழைய சரக்கிலிருந்து எடுத்துக் கொடுத்தால் வாங்காதீர்கள், 2023 மே 1 முதல் விவசாயத்துக்குத் தடை.

குளவி, வெள்ளைக் கூடு என்றீர்களே?

சில சுருட்டையைப் பிரித்தால் புழு தளர்ந்து, நிறம் மங்கிக் கிடக்கும். பக்கத்தில் அரிசியைவிடச் சின்னதாக, பஞ்சு சுற்றின மாதிரி வெள்ளைக் கூடு இருக்கும். அது புழுவின் கூடு இல்லை. அப்பன்டெலஸ் என்கிற கொசு அளவுக் கருங்குளவி, உயிரோடு இருக்கிற புழுவுக்குள் முட்டையிடும். குளவிக்குஞ்சு உள்ளிருந்தே தின்று வெளியே வந்து கட்டுகிற கூடு. அந்த இலையை மட்டும் கொடியிலேயே விட்டுவிடுங்கள். அதிலிருந்து வருகிற குளவி உங்களுக்குச் சம்பளம் இல்லாமல் வேலை செய்யும்.

செம்பனைத் தோட்டத்துச் சடக்கு (சாலை) ஓரமெல்லாம் வெளிர்மஞ்சள் பூச்செடி வரிசையாக நட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். காலையில் மலர்ந்து மத்தியானத்துக்குள் வாடிவிடும், நடுவில் கறுப்பு. டர்னெரா. அழகுக்கு என்றுதான் நானும் பல வருடம் நினைத்தேன். பைப்புழுவைத் தாக்குகிற குளவிக்குத் தேன் கொடுக்கத்தான் அதை நடுகிறார்கள். ஒரு கிளையை ஒடித்து வந்து பந்தல் காலடியில் நட்டேன், பிடித்துக்கொண்டது. கொத்துமல்லியைப் பூக்க விட்டாலும் குட்டிக் குளவிகள் வரும்.

காயில் காகிதம் கட்டுவது எப்போது?

பிஞ்சு உங்கள் சுண்டுவிரல் அளவு வந்ததும், பூ காய்ந்து விழுந்த பிறகு. நாளிதழை நீளமாகச் சுருட்டி, மேல் வாயைக் காம்புப் பக்கம் மடித்து ஒரு கம்பி ஊக்கு. கீழ் வாய் திறந்திருக்கலாம், தண்ணீர் தேங்காது. கட்டுவதற்கு முன் பிஞ்சில் புழு ஒட்டியிருக்கிறதா என்று ஒரு முறை சுற்றிப் பாருங்கள். உள்ளே வைத்துக் கட்டினால் அதற்கு நீங்களே வீடு கட்டிக் கொடுத்த மாதிரி. பழ ஈக்கும் இலைச்சுருட்டுப் புழுவுக்கும் சேர்த்து இதைவிட நல்ல வேலி கிடையாது, காயும் வெளிறி அழகாக வரும்.

மழைக்காலத்தில் என்ன செய்வது?

எங்கள் மேற்குக் கரையில் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் சாயங்கால மழை அதிகம். அடிக்க வேண்டிய நேரத்திலேயே மழை வரும். இந்த மாதங்களில் மருந்தை நம்பாதீர்கள், கையும் காகிதமும்தான். கொடியை நெருக்கமாக விடாமல் அடி இலைகளைக் கழித்துவிடுங்கள். யூரியாவையும் குறையுங்கள், தளதளவென்று வருகிற கொழுந்துதான் பூச்சிக்கு அழைப்பிதழ்.

பிஞ்சு மஞ்சளாகி விழுகிறது. புழுவா?

வெட்டிப் பாருங்கள். உள்ளே ஒன்றும் இல்லை என்றால் மகரந்தம் சேரவில்லை. பாகலில் ஆண் பூ தனி, பெண் பூ தனி. பெண் பூவுக்கு அடியில் குட்டிக் காய் இருக்கும். பூ விடியற்காலையில் மலரும், தேனீ காலையில்தான் வரும். அந்த நேரத்தில் மருந்து அடித்தால் தேனீ வராது. புழுவுக்குப் பயந்து காலையில் அடித்து, பிஞ்சு விழுவதைப் பார்த்து, அதற்கும் புழுதான் காரணம் என்று இன்னும் அடிக்கிறவர் ஒருவர் எங்கள் வரிசையிலேயே இருக்கிறார். சொன்னால் கேட்கமாட்டார். தேனீ குறைவாக இருந்தால் ஆண் பூவைக் கிள்ளி, பெண் பூ நடுவில் ஏழு மணிக்குள் தடவிவிடுங்கள்.

பந்தலுக்குக் கீழே கோழி விடலாமா?

கொடி ஆள் உயரம் ஏறிய பிறகு விடலாம். கீழே விழுகிற புழுவையும் சருகில் இருக்கிற கூட்டுப்புழுவையும் கிளறித் தின்னும். நாற்றாக இருக்கும்போது விட்டால் புழுவுக்கு முன்னால் கோழியே முடித்துவிடும்.

காய்ப்பு ஓய்ந்த கொடியை என்ன செய்வது?

அப்படியே தொங்கவிடாதீர்கள். பழைய கொடிதான் அடுத்த போகத்துக்கான புழுப் பண்ணை. வேரோடு பிடுங்கி, சருகையும் கூட்டி, மூட்டையாகக் கட்டி வெயிலில் வையுங்கள் அல்லது ஆழமாகப் புதையுங்கள். வேலியில் இருக்கிற காட்டுக் கோவையையும் ஒரு கண் பாருங்கள். அதே இடத்தில் அடுத்து பீர்க்கோ புடலோ போடாமல், வெண்டை, கத்தரி, கீரை என்று மாற்றுங்கள்.

புழு கடித்த காயைச் சமைக்கலாமா?

தோலை மட்டும் சுரண்டியிருந்தால் தாராளமாக. ஓட்டை போட்டிருந்தால் அந்தப் பாகத்தைத் தாராளமாக வெட்டிவிட்டு, உள்ளே அழுகல் இல்லை என்றால் மீதியை வட்டமாக நறுக்கி, உப்பும் மஞ்சளும் புரட்டிப் பொரித்துவிடுங்கள். என் வீட்டில் அந்தக் காய்தான் முதலில் அடுப்புக்குப் போகும், முழுசாக இருக்கிறதைப் பாசார் மாலாமுக்கு எடுத்து வைத்துவிடுவேன்.